நண்டுகள் வீடு மாறிய காலை

முத்துக்கரை ராஜா வீரகுணனுக்குப் போர் என்றால் பயமில்லை. பஞ்சாயத்து என்றால்தான் பயம்.

அவருடைய சபையில் தாண்டவன் என்றொரு கெட்டிக்காரன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். வேலை கிடைத்துவிட்டது, வீடுதான் கிடைக்கவில்லை. யானைக் கொட்டிலில் ஓரமாகப் பாய் விரித்துப் படுத்தான். வீடு கிடைத்தால்தான் மனைவி செங்கமலத்தை ஊரிலிருந்து கூட்டிவர முடியும். அரண்மனை வீடுகளைப் பங்கிட்டுக் கொடுப்பவர் மணியக்காரர் சிவந்தியப்பன். அவரிடம் போய் நின்றால், "காலி இல்லை தம்பி" என்பார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்தச் சமயம் பார்த்து விருந்தினர் மாளிகை காலியானது.

"எனக்கு!" என்றார் சேனாபதி. "என் பிள்ளைகள் விறகு அடுக்கிய மாதிரி தூங்குகிறார்கள்."

"எனக்கு!" என்றார் வைத்தியர். "என் மாமியார் கஷாயப் பானைகளுக்கு நடுவில் படுக்கிறார்."

சமையற்காரரும் தோட்டக்காரரும் சும்மா இருப்பார்களா? அவர்களும் கத்தினார்கள். ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

சிவந்தியப்பன் மெதுவாக எழுந்தார். "மகாராஜா, தாண்டவன் தீர்த்துவைக்கட்டும். நால்வருக்கும் பெரிய வீடு வேண்டும். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. முடியாவிட்டால் அவன் ஊருக்கே போய்விடட்டும்."

ஒருவருக்குக் கொடுத்தால் மூன்று பேர் பகை. தினமும் வீடு கேட்டு வந்து நிற்கும் தாண்டவன் தொலைவான் என்பது அவர் கணக்கு.

"நல்ல யோசனை!" என்றார் ராஜா, பாரம் இறங்கிய நிம்மதியில்.

போக வீடில்லாத தாண்டவன் மாலையெல்லாம் கடற்கரையில்தான் சுற்றுவான். அங்கே பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"காலையில் எல்லோரும் கடற்கரைக்கு வாருங்கள்" என்றான்.

மறுநாள் மணலில் பெரிய காலிச் சங்கு ஒன்றை வைத்தான். சின்னச் சங்கைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு வந்தது. பெரிய சங்கைத் தடவிப் பார்த்தது. பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிற்கிறது?" என்றார் ராஜா.

"இது சங்கு நண்டு, மகாராஜா. முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மெத்தென்று இருக்கும். தனக்கென்று சங்கு கிடையாது. செத்துப்போன கடல் நத்தையின் கூட்டில் குடியேறும். உடம்பு வளரும், கூடு வளராது. அப்போது வேறு வீடு தேடும். இந்தச் சங்கு இதற்கு ரொம்பப் பெரிது. அதனால் காத்திருக்கிறது."

"நம் சேனாபதி மாதிரி வளர்கிறதோ?"

சேனாபதி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இன்னொரு நண்டு வந்தது. இன்னொன்று. பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று வரிசை சேர்ந்தது. கடைசியில் ஒரு குண்டு நண்டு வந்து, பெரிய சங்குக்குள் லபக்கென்று நுழைந்தது. அது விட்ட கூட்டில் அடுத்தது. அடுத்ததன் கூட்டில் அதற்கடுத்தது. வெற்றிலை மெல்லும் நேரத்தில் எல்லாம் முடிந்தது.

"சண்டையே இல்லையே!" என்றார் ராஜா.

"சில நாள் அடித்துக்கொள்வதும் உண்டு, மகாராஜா. பொய் சொல்லக்கூடாது. இன்றைக்கு நடுவில் மணியக்காரர் யாரும் இல்லை, அதனால் சீக்கிரம் முடிந்தது."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. "சேனாபதி மாளிகைக்கு! அவர் வீடு வைத்தியருக்கு! வைத்தியர் வீடு சமையற்காரருக்கு! அந்த வீடு தோட்டக்காரருக்கு!"

"சேனாபதி வீட்டுக் கிணறு எனக்கா?" வைத்தியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் ராஜா தெருவைப் பார்வையிட வந்தார். நால்வர் வீட்டிலும் சிரிப்புச் சத்தம். சிவந்தியப்பன் பின்னாலேயே வந்தார்.

"மகாராஜா, தோட்டக்காரர் விட்ட சின்ன வீடு காலியாக இருக்கிறது. என் மைத்துனனுக்கு..."

"காலியா?" என்றான் தாண்டவன்.

தெருக்கோடி வீட்டிலிருந்து புகை வந்தது. மதியமே வண்டியில் வந்து இறங்கியிருந்த செங்கமலம் வாசலுக்கு வந்தாள். "வாங்க மகாராஜா, பால் காய்ச்சியாச்சு" என்று ஒரு தம்ளரை ராஜா கையில் கொடுத்தாள்.

சிவந்தியப்பன் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டுக் குடிவந்தீர்கள்?"

"கோபிக்காதீர்கள் ஐயா," என்றான் தாண்டவன். "வரிசைக் கடைசியில் கூடே இல்லாமல் ஓர் இரண்டுகால் நண்டு நின்றதே, காலையில் நீங்கள் கவனிக்கவில்லையா?"

ராஜா சிரித்த சிரிப்பில் பாதிப் பால் தெருவில் கொட்டியது. இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டை அவனுக்கே கொடுத்தார்.