அழுங்கு வாங்கிய படப்பெட்டி

ஏரிக்கரைக் காட்டில் எறும்பு தின்னும், செதில் போர்த்திய ஓர் அழுங்கும் ஒரு முயலும் ஒரு மைனாவும் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்திவந்தன. காட்டில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் படம் எடுப்பது இவைதான்.

படங்கள் மூன்று கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடந்தன. யாராவது பழைய படம் கேட்டு வந்தால், தேடுவதிலேயே பொழுது போய்விடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, மூவரும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து பார்க்கும்படி செய்யலாம் என்று முடிவானது. மூன்றும் குரங்கின் கடைக்குப் போயின.

குரங்கு ஒரு பளபளப்பான பெட்டியை எடுத்து வைத்தது. உள்ளே ஒரே பெரிய டிஸ்க். பத்துத் தலைமுறைக் கல்யாணமும் இதில் அடங்கும் என்றது. முயலுக்கு அது பிடித்துப்போயிற்று.

அழுங்கு பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தது. "இந்த டிஸ்க் கெட்டுப்போனால் படங்கள் என்ன ஆகும்?" என்று கேட்டது.

"புதுச் சாமான் வாங்கும்போது இப்படியா பேசுவது?" என்றது குரங்கு.

அது பதில் அல்ல என்று அழுங்குக்குப் புரிந்தது. மூலையில் இருந்த இரட்டை டிஸ்க் பெட்டியைக் கேட்டு வாங்கியது. அதில் ஒவ்வொரு படமும் இரண்டு டிஸ்க்கிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். பாதி இடம் வீணாகிறதே என்று முயல் வழிநெடுக முணுமுணுத்தது.

பெட்டியைப் பொருத்திய அன்றே, இன்னொரு பிரதி எடுத்து அக்கரையில் தன் மரத்தில் வைக்கலாமா என்று மைனா கேட்டது. அழுங்கின் முகம் வாடிவிட்டது. பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டியை இவர்கள் நம்பவில்லையே என்று அதற்கு வருத்தம்.

மைனா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை முயல் சின்ன டிஸ்க் ஒன்றில் படங்களை நகலெடுத்துக் கொடுக்கும். மைனா அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும். அழுங்கின் மனம் நோகக் கூடாதென்று இரண்டும் அதை வெளியே சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி உடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், பெட்டி சேற்றில் புதைந்து கிடந்தது. இரண்டு டிஸ்க்கும் பாழ். அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது. கூப்பிட்டும் நிமிரவில்லை.

அப்போது ஒரு பெண்மான் வந்தது. கோடையில் தன் இணையை நோய்க்குப் பறிகொடுத்தது அது. வீட்டிலிருந்த கல்யாணப் படத்தையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம்.

"உங்களிடமாவது இருக்கிறதா? அவர் முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

சுருண்டிருந்தபடியே அழுங்கு சொன்னது: "இல்லையம்மா. பெட்டியோடு எல்லாம் போய்விட்டது."

அதற்குள் மைனா அக்கரைக்குப் பறந்துவிட்டது. திரும்பி வரும்போது அதன் காலில் அந்தச் சின்ன டிஸ்க் இருந்தது. பரணில் நனையாமல் தப்பிய கம்ப்யூட்டரில் முயல் அதைச் செருகியது. திரையில் கழுத்து மாலையோடு, கொஞ்சம் கூச்சத்தோடு ஆண்மான் நின்றது. பெண்மான் கிட்டே வந்து பார்த்தது. மூக்கால் திரையை மெல்லத் தொட்டது.

அழுங்கு தலையை நீட்டி, இது எப்போதிலிருந்து நடக்கிறது என்று கேட்டது.

"பெட்டி வாங்கிய வாரத்திலிருந்து," என்றது முயல். "உன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதற்கு நீந்தத் தெரியாது, அவ்வளவுதான்."

இழக்கக் கூடாத ஒன்றை எவ்வளவு நல்ல பெட்டியில் வைத்தாலும், அதன் பிரதி வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.