இடைவெளி எந்தப் பத்திக்கு

கங்காதர சாமியின் மடத்தில் சிற்றம்பலம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு நாற்பதுகூட இல்லை.

சிற்றம்பலம் முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் டைப் மிஷின் வைத்து மனு அடித்துக் கொடுத்தவர். அதனால் மடத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பாயிற்று. அதையும் மிஷின் மாதிரிதான் தட்டுவார். அந்தச் சாவிகள் என்ன பாவம் செய்தன என்று சமையல்காரர்கூடக் கேட்பார்.

அன்று காலை அவர் உட்கார்ந்தது மடத்து வேலைக்கு அல்ல. தம்பி வேதாசலம் இறந்துவிட்டான். பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். பெரியப்பா எழுதாமல் மலர் அச்சுக்குப் போகாது என்று தம்பி மகள் போனில் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம். தெருவில் எதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார்.

துக்கத்துக்கு என்று, எழுதிய ஒவ்வொரு பத்திக்கும் பின்னணியாகச் சாம்பல் நிறம் கொடுத்திருந்தார். எழுத்து உள்ள இடம் சாம்பல் ஆனது. இடைவெளி மட்டும் பட்டை பட்டையாக வெளுத்துக் கிடந்தது. ஒரு வரி சேர்த்தால் கீழே உள்ளது அடுத்த பக்கத்துக்கு ஓடியது. பத்து மணிவரை மல்லுக்கட்டிவிட்டு, எழுந்து போய்ச் சாமியைக் கூட்டி வந்தார்.

"அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை சாமி. ஆனாலும் நிறம் பிடிக்க மாட்டேன் என்கிறது."

சாமி நின்றபடியே ஒரு பொத்தானை அழுத்தினார். வெறுமையாகக் கிடந்த இடத்தில், திரும்பி நிற்கும் கொக்கி போல ஒரு குறி, ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசையாக எழுந்து நின்றது.

"இதெல்லாம் என்ன?" சாமி கேட்டார்.

என்டர் தட்டிய இடம் என்றார் சிற்றம்பலம். மிஷினில் இடம் விட நெம்புகோலை இரண்டு தரம் தள்ளுவோம், கை அதையே செய்கிறது என்றார்.

"இரண்டு தரம்தானா?" சாமி விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.

"எண்ண வேண்டாம் சாமி."

சாமி விரலை எடுத்துக்கொண்டார். "ஒரு எழுத்தும் இல்லாத பத்தி இத்தனை உட்கார்ந்திருக்கிறது. அழித்துவிடும்."

அழித்தால் மேலும் கீழும் உள்ள இரண்டு பத்தியும் ஒட்டிக்கொள்ளுமே என்று சிற்றம்பலம் இழுத்தார். ஆனாலும் ஒவ்வொன்றாக அழித்தார். கடைசிக் குறியும் போனதும் மேல் பத்தியும் கீழ்ப் பத்தியும் இடித்துக்கொண்டு நின்றன.

மேலே: வார்த்தை முற்றி நான் வீட்டை விட்டு இறங்கி வந்தேன்.

கீழே: ஆவணி நாலாம் தேதி தம்பி போய்விட்டான்.

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி அனுப்ப முடியாது சாமி. நடுவில் இடம் வேண்டும்."

"வேண்டும்தான். வெறும் என்டரால் நிரப்பாதீர். பத்தியிடமே கொடும். அப்போதுதான் நிறம் அறுபடாது."

சாமி திரையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் இரண்டு கட்டம். பத்திக்கு முன் எவ்வளவு, பத்திக்குப் பின் எவ்வளவு.

சிற்றம்பலத்தின் கை நின்றுவிட்டது. தம்பியின் பத்திக்கு முன்னால் கொடுப்பதா, தன் பத்திக்குப் பின்னால் கொடுப்பதா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே, எதில் கொடுக்கட்டும் என்று கேட்டார்.

"வீட்டை விட்டு இறங்கினது யார்?"

சிற்றம்பலம் பெட்டியை மூடினார். மேலே தன் பத்தியில் போய் நின்று, மறுபடி திறந்தார்.