முதல் நம்பர்

செல்போன் கம்பெனிக்கு வந்த புது மேலாளர் சுந்தரவரதனுக்குப் பழசு என்றாலே வேப்பங்காய். பழைய நெட்வொர்க் பேசுவதைப் புதியதற்குப் புரியவைக்க, நடுவில் ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"அதை இன்னிக்கே நிறுத்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார், ஒப்பந்த இன்ஜினியர் ஜெசிந்தாவிடம்.

"பழைய நெட்வொர்க்ல பட்டன் போன் வச்சிருக்கிறவங்க தவிச்சுப் போயிடுவாங்க சார்."

"பழசெல்லாம் யாருக்கும்மா வேணும்?"

"சரி சார். முதல்ல ஒரே ஒரு நம்பருக்கு நிறுத்திப் பார்க்கிறேன்."

மதியம் தலைமை அலுவலகத்தோடு வீடியோ மீட்டிங். உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. மேலாளருக்கு வரவேயில்லை. எல்லார் முன்னாலும், "என் போனுக்கு என்னாச்சு?" என்று அலறினார்.

"ஓடிபி பழைய நெட்வொர்க்ல இருந்து அந்தக் கருவி வழியாத்தான் வருது சார். உங்க நம்பர்லதான் ஆரம்பிச்சேன். ஊருக்கே நிறுத்திடட்டுமா?"