வளைகொம்பனும் மெலிந்த பனியாறும்

வளைகொம்பனின் பின்னங்கால்கள் இரண்டும் பனிக்குள் இறங்கிவிட்டன. உதறினான். இன்னும் இறங்கின. அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவன் ஒரு மலையாட்டுக் கிடா. மந்தைக்குத் தலைவன். அவனுக்குப் பின்னால் மொத்த மந்தையும் வரிசையாகப் பனிமேல் நின்றது. அடுத்து நின்றவள் சாம்பலி. அவள் காலடியில் இந்த வசந்தத்தில் பிறந்த குட்டி.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலையில் இது நடந்தது. அங்கே உயரத்தில் ஒரு பனியாறு. ஆறு என்றால் தண்ணீர் இல்லை. காலங்காலமாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, சரிவில் யார் கண்ணுக்கும் தெரியாமல் நகரும். ஒரு காலத்தில் அது கீழே பைன் மரங்கள் வரை நீண்டு கிடந்ததாம். அன்று அது தள்ளிக்கொண்டு போன கற்கள் இன்னும் மேடாக அங்கேயே கிடக்கின்றன. பனியைத்தான் காணோம். மிச்சம் இருப்பது வடக்குப் பாறையின் நிழலில், நோய்வாய்ப்பட்ட ஆடு மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது.

கோடையில் ஈத் தொல்லை தாங்காது. பனிமேல் படுத்தால் ஈ வராது, குட்டிகளுக்கும் சூடு தணியும். அதனால் வருஷா வருஷம் தலைவன் முன்னால் போவான். மற்றவை அவன் குளம்புத் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் போகும். ஒரு விதியும் உண்டு. பனிமேல் ஏறிய மந்தையைத் திருப்பக் கூடாது.

அது முட்டாள்தனமான விதி இல்லை. திருப்பினால் கடைசி ஆடு முதல் ஆடாகிவிடும். அதற்கு வழி தெரியாது. பனி பரந்து கிடந்த நாளில் மூடுபனியில் அப்படித் திரும்பிய மந்தைகள் வெடிப்புகளில் விழுந்து செத்தன.

காலையிலேயே மஞ்சமூக்கன் எச்சரித்திருந்தான். அவன் பாறையில் குடியிருக்கும் மலைக்காகம். மேலிருந்து பார்த்தால் பனி சல்லடை மாதிரி தெரிகிறது, கல்மேடு வழியாகச் சுற்றிப் போ என்றான். பறக்கிறவனுக்கு நடக்கிற பாதையைப் பற்றி என்ன தெரியும் என்று வளைகொம்பன் கேட்டான். மந்தையே சிரித்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மஞ்சமூக்கன் தலைக்கு மேலே வட்டமடித்தான்.

“டேய், வயிறு வரைக்கும் போயிட்ட. அவங்களைத் திருப்பிவிடு.”

“திருப்பக் கூடாது. அதுதான் விதி.”

“எல்லாரும் உன் தடத்துலதான் கால் வைப்பாங்க. உன் தடம் எங்க போகுதுன்னு பார்த்தியா?”

வளைகொம்பன் பார்த்தான். தடம் நேராக ஓட்டைக்குள் போனது.

பின்னாலிருந்து முட்டி வெளியே தள்ளிவிடுகிறேன் என்று சாம்பலி ஒரு அடி வைத்தாள். அவன் இடுப்பிலிருந்து அவள் குளம்பு வரை பனியில் ஒரு கீறல் ஓடியது. குட்டியும் அவள் தடத்தில் வைக்கக் கால் தூக்கியது.

இதே பனியில்தான் அவன் அம்மா அவனைப் படுக்க வைத்தாள். அப்போதெல்லாம் உதைத்தால் குளம்புதான் வலிக்கும். அவன் பார்க்கப் பார்க்க அது மெலிந்தது. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு கோடையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“வராத, சாம்பலி,” என்றான். “எல்லாரும் திரும்புங்க. குட்டைவாலா, இப்ப நீதான் முன்னாடி.”

குட்டைவாலன் மந்தையிலேயே பயந்தாங்கொள்ளி. எப்போதும் கடைசியில்தான் வருவான். “எனக்கு வழி தெரியாதே, தலைவா.”

“கரை தெரியுதில்ல? அதான் வழி. தொலைஞ்சுபோற அளவுக்கு இதுல பனியே இல்லடா. நட.”

குட்டைவாலன் கரையைப் பார்த்தபடி நடந்தான். மந்தை அவன் பின்னால் போனது. சாம்பலியின் குட்டி கல்லில் கால் வைத்த அதே நேரத்தில் வளைகொம்பனின் கீழே பனி உடைந்தது.

உள்ளே குகை மாதிரி இருட்டு. தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டு போய், பனியின் கீழ்வாயில் வெளியே துப்பியது. எழுந்து நின்றான். ஒரு கொம்பு பாதிதான் இருந்தது.

மஞ்சமூக்கன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “இனிமே உன்னை என்னன்னு கூப்பிடுறது? அரைக்கொம்பன்னா?”

“கூப்பிட்டுக்கோ.”

அன்று மதியம் மந்தை கல்மேடு வழியாகச் சுற்றிப் போய் வேறொரு பாறையின் நிழலில் படுத்தது. ஈ மொய்த்தது. குட்டிகள் சிணுங்கின. வளைகொம்பன் தூரத்தில் மினுங்கிய அந்தத் துண்டுப் பனியைப் பார்த்தபடியே அசைபோட்டான்.

ஒரு விதி எதற்காக வந்ததோ அந்தக் காரணமே உருகிப்போனால் விதியையும் விட்டுவிட வேண்டும்: பனிமேல் ஏறிய மந்தையைத் திருப்பாதே என்று வளைகொம்பனிடம் சொல்லியிருந்தார்கள், அவன் திருப்பினான்.