பேரேரியின் விஜயம்

வேங்கைநாட்டு ராஜா செங்கோடவர்மருக்கு ஒரே ஒரு வியாதி. கெட்ட சேதி காதில் விழுந்தால் சாப்பாடு இறங்காது. வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. நாவலங்காரர் என்ற பண்டிதர் வந்தார், ஒரே மாதத்தில் குணப்படுத்திவிட்டார். கெட்ட சேதியைத் தடுக்க முடியாது; கெட்ட சொல்லைத் தடுக்கலாம் அல்லவா? ராஜா பூரித்துப்போய் அவரைச் சொல் மந்திரி ஆக்கினார்.

அன்றோடு நாட்டில் பஞ்சம் ஒழிந்தது. அதற்கு ‘வயிற்றுக்கு ஓய்வு’ என்று பெயர் வைத்தாயிற்று. போரில் தோற்று ஓடிவந்த படை ‘வெற்றியை ஒத்திவைத்து’ வந்தது. வெள்ளம், உடைப்பு எல்லாம் சேர்த்து ‘நீர் விஜயம்’. பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். ராஜா படிக்காமலே முத்திரை குத்தினார். பழைய சொல்லைச் சொன்னவர்களுக்குச் சிறை. எனக்கென்னவோ அந்த மந்திரிமேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே, அந்த மகராசன்மேல்தான்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தலைநகருக்கு மேற்கே மேட்டில் இருந்தது பேரேரி. அதன் காவலாளி வெள்ளையன் தினமும் கரையடியில் கசியும் நீரைக் கையில் ஏந்திப் பார்ப்பான். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அன்று காலை மதகோரம் செம்மண் கலங்கலாக வந்தது. ஒரே ஓட்டமாக ஓடி, அரண்மனை வாசலில் நின்று, “கரை உடையப் போகுது!” என்று கத்தினான். அவ்வளவுதான், பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவன் மனைவி குருவம்மா, அரசவை விகடகவி அம்பலத்தார் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சாமி, உள்ளதச் சொன்னதுக்கு அவரப் பிடிச்சுப் போட்டுட்டாங்க!”

“கரை எதுவரை தாங்கும் அம்மா?”

“பொழுது சாயறவரைக்கும் தாங்கினா பெருசுன்னாரு. அடைக்கிற வித்தை அவருக்குத்தான் தெரியும். கீழத்தெரு பூரா பிள்ளைகுட்டிங்க சாமி!”

நேராகச் சொன்னால் அம்பலத்தாரும் வெள்ளையன் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு நடந்தார்.

“மகாராஜா! நற்செய்தி. பேரேரி இன்று நம் தலைநகருக்கு விஜயம் செய்கிறது.”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏரி வருகிறதா? எங்கே?”

“இங்கேதான். அரண்மனைக்கே வரும் போலிருக்கிறது. பெரியவர்கள் விஜயம் செய்தால் அரசர் எல்லைக்குப் போய் எதிர்கொண்டு அழைப்பது தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம். யானை, மேளதாளம், பூரண கும்பம். வெறுங்காலோடு நிற்க வேண்டும்.”

ராஜா குழம்பிப்போய் மந்திரியைப் பார்த்தார். “என்னய்யா உளறுகிறார் இவர்?”

நாவலங்காரர் முகம் வெளுத்தது. விளக்கம் சொல்லப் போனால் ‘வெள்ளம்’ என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் சிறை. சொல் தவறு என்றால் பட்டியல் பொய்.

“சொல்... சரியான சொல்தான் மகாராஜா.”

“அப்படியானால் விருந்தாளி வருவது உண்மை?”

“ம்... உண்மைதான்.”

“பிறகென்ன? வழக்கத்தை விடக் கூடாது. புறப்படுங்கள்!”

உச்சிவேளைக்குள் ஊர்வலம் ஏரிக்கு வந்துவிட்டது. ராஜா கரைமேல் குடையின் கீழ் நின்றார். கும்பம் ஏந்துகிறவர் கரையடியில், மதகை ஒட்டி நிற்க வேண்டும் என்றார் அம்பலத்தார். சேதி உண்மை என்று சபையில் உறுதி சொன்னவருக்குத்தான் அந்த மரியாதையாம். அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நாவலங்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பத்தோடு நின்றார். நாதஸ்வரம் ஊதினார்கள். அவர் கணுக்கால்வரை சேறு குழம்பியது. பாதத்துக்கு அடியில் குபுகுபுவென்று எதுவோ பொங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி மண் பொத்தென்று சரிந்தது.

கும்பம் ஒரு பக்கம், மந்திரி ஒரு பக்கம்.

“ஐயோ! கரை உடையுது! வெள்ளம் வருது! செத்தோம், ஓடுங்க!” என்று மந்திரியே அலறினார்.

மேளம் நின்றது. ராஜா எட்டிப் பார்த்தார். சரிந்த இடத்திலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் பீறிட்டது. கீழே, கைக்கெட்டும் தூரத்தில், கீழத்தெருவின் கூரைகள்.

“அம்பலத்தாரே, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“ஒருவன் காலையிலேயே சொன்னான் மகாராஜா. தங்கள் சிறையில் இருக்கிறான்.”

குதிரை பறந்தது. வெள்ளையன் வந்து இறங்கியதும் ராஜாவுக்குக் கும்பிடுகூடப் போடவில்லை. “கலுங்குப் பலகையத் தூக்குங்கடா, தண்ணி இறங்கட்டும்! வைக்கோலும் களிமண்ணும் கொண்டாங்க! அந்தப் பட்டுக்குடை எதுக்கு? அதையும் குடுங்க!” என்று அதட்டினான். ராஜாவே குடையை நீட்டினார். வீரர்கள் மண் சுமந்தார்கள். பொழுது சாயும்போது துளை அடைபட்டிருந்தது. குருவம்மா கரையில் உட்கார்ந்து, அடக்கிவைத்திருந்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள்.

ராஜா சேற்றுக் காலோடு வெள்ளையன் எதிரில் வந்து நின்றார். “என்னை மன்னித்துவிடப்பா” என்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். பட்டியலை அன்றே கொளுத்தச் சொன்னார். பிறகு, புதரோரம் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த நாவலங்காரரை முறைத்தார்.

“இந்த மனிதரை என்ன செய்யலாம், அம்பலத்தாரே?”

“பதவியை விட்டுத் துரத்திவிடுங்கள் மகாராஜா. அதற்கு ஒரு நல்ல பெயர் அவரே வைத்துக்கொள்வார்.”