கட்டில் அளவு மண்

மலைக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. அப்படியொரு மலையில், பாறைமேல் குடிசை போட்டு, பொம்மையனும் அவன் பெண்சாதி வெள்ளச்சியும் வாழ்ந்தார்கள். பாறையில் ஏது மண்? ஓடைக்கரையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வந்து, சுற்றிலும் கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேட்டுப்பாத்தி கட்டியிருந்தார்கள். ஒரு கட்டில் அளவுதான் இருக்கும்.

பொம்மையன் தங்கமானவன். ஆனால் அவன் கை இருக்கிறதே, அது சொன்ன பேச்சைக் கேட்காது. வாசலில் யார் நின்றாலும் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும்.

ஒருநாள் ராஜா குதிரையில் வந்தார். "இங்கே குதிரை லாயம் கட்டப்போகிறேன். காலி பண்ணு" என்றார்.

பொம்மையன் ஓடிவந்து கும்பிட்டான். "இந்த மண்ணை விட்டா எங்களுக்குச் சாப்பாடே இல்லீங்க, மகாராசா!"

"இதுவா? நான் உட்கார்ந்தாலே நிறைந்துவிடுமே!" ராஜா சிரித்தார். "சரி, மழை தொடங்குமுன் மூன்று முறை வருவேன். எப்போது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் இதில் விளைந்த வேறு வேறு கறி எனக்கு வேண்டும். ஒருதரம் தவறினாலும் இடம் என்னுடையது."

அப்போது தை மாதம். சித்திரை வந்தபின் விதைக்கலாம் என்று ஊரே குளிர்காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி பாத்திக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"தரைமண் சில்லுன்னு கிடக்கு மாமா. இது மேட்டுமண், தண்ணி தேங்காது. வெயில் இதைத்தான் முதல்ல சூடாக்கும். இன்னிக்கே விதைச்சிடலாம்."

முன்னால் கீரை. நடுவில் முள்ளங்கி. மற்றவற்றின்மேல் நிழல் விழாதபடி வடக்கு ஓரத்தில் அவரை. ஒவ்வொன்றிலும் பாதி விதையை மட்டும் ஊன்றிவிட்டு, மீதியைச் சுரைக்குடுவையில் போட்டு மூடினாள்.

"அதையும் தூவு புள்ள. ராசாவுக்குப் பத்தாது" என்றான் பொம்மையன்.

"ராசாவுக்கும் ஒரு வயிறுதானே!"

ஊரில் ஒரு பச்சையும் முளைக்காத நாளில் ராஜா முதல் முறை வந்தார். பொம்மையன் கீரையை வேரோடு பிடுங்கப் பாய்ந்தான். வெள்ளச்சி அவன் கையில் ஒரு தட்டு தட்டினாள். "நுனியை மட்டும் கிள்ளுங்க. அடி துளிர்க்கட்டும்." ராஜா கீரை தின்றுவிட்டுப் போனார்.

பங்குனியில் மந்திரியையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை வந்தார். வெள்ளச்சி தண்ணீருக்குப் போயிருந்தாள். பொம்மையனின் கையைத் தட்ட ஆளில்லை. ராஜாவுக்கு, மந்திரிக்கு, குதிரைக்கு என்று முள்ளங்கியையெல்லாம் பிடுங்கினான். அந்த வேகத்தில் பக்கத்திலிருந்த அவரையின் வேரும் அறுந்தது.

வெள்ளச்சி வரும்போது பூவெடுத்த கொடிகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. பொம்மையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "குடியைக் கெடுத்துட்டேனே, புள்ள!"

அவள் திட்டவில்லை. உள்ளே போய்க் குடுவையை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள்.

"ராசாவுக்குப் பயந்தா பாதி விதையை வச்சேன்? உங்க கையைத் தெரிஞ்சுதான் வச்சேன். ஊரே இன்னும் மண்ணைக் கொத்தலை. நமக்கு நாள் இருக்கு, எந்திரிங்க."

பொம்மையன் அழுதுகொண்டே சிரித்தான். அன்று சாயங்காலமே இருவரும் அவரையை மறுபடி ஊன்றினார்கள்.

கொடி ஏறியது. பூத்தது. பிஞ்சு விட்டது. காய் திரண்டுவந்த வேளையில், வானம் கறுத்து மழைக்கு இருட்டிக்கொண்டு வர, ராஜா மூன்றாம் முறையாக வந்து இறங்கினார்.

சுடச்சுட அவரைக்காய்ப் பொரியல் தின்றார். வழித்து வழித்துத் தின்றார். "இன்னும் கொண்டு வா! எல்லாவற்றையும் பறி!" என்றார்.

பொம்மையனின் கை கொடிவரைக்கும் போனது. அங்கேயே நின்றது. வெள்ளச்சி தட்டவில்லை, தானாகவே நின்றது.

"மன்னிக்கணும் மகாராசா. மத்தது பிஞ்சு. அடுத்த வாரம் வாங்க, தர்றேன்."

ராஜா சிரித்துக்கொண்டே குதிரையில் ஏறினார். "கேட்ட மூன்று கறியும் கொடுத்துவிட்டாய், இடம் உன்னுடையது. லாயத்தை வேறு மலையில் கட்டிக்கொள்கிறேன். அடுத்த வாரம் சாப்பிட வருகிறேன்" என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்கூட்டியே தொடங்கி, கொஞ்சம் மிச்சமும் வைத்திருப்பவருக்குத் தவறினாலும் திருத்திக்கொள்ள வழி இருக்கும்.