தம்பிக்கு ஒரு படையல்

“நாடு சேருமா, சேராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. எனக்கு எண்பத்து மூணு வயசாச்சு.”

மலையேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே பியோன் மான்ஹோ கேட்ட கேள்வி இது. கும்பிடுகூடப் போடவில்லை. மனுஷன் அப்படித்தான். ஆயுசு பூரா பம்பு ரிப்பேர் பார்த்தவர். ஓடுமா ஓடாதா என்பதைத் தவிர வேறு பேச்சு தெரியாது.

கேட்டது பிக்குணி ஹெவொனிடம். அவருக்கு மான்ஹோவின் மகள் வயதுதான் இருக்கும். தென்கொரியாவில், வடக்கு எல்லை வேலி கண்ணுக்குத் தெரிகிற ஒரு குன்றில், சின்ன மடம் அவருடையது. மான்ஹோ அவரிடம் வருஷக்கணக்கில் தியானம் பழகுகிறார். பழகினாரே தவிர, கோபம் குறைந்தபாடில்லை.

“சேர்ந்தா என்ன செய்வீங்க, பெரியவரே?”

“வடக்கே போய்த் தம்பியைத் தேடுவேன்.”

“சேரலைன்னா?”

“இன்னிக்கே அவனுக்குப் படையல் போட்டு முடிச்சிடுவேன். சாமானோடதான் வந்திருக்கேன்.”

“தம்பி போயிட்டதா சேதி வந்துதா?”

“எங்கேர்ந்து வரும்? கடுதாசி கிடையாது, போன் கிடையாது. சண்டை நேரத்துல நாங்க கிளம்பினப்போ அவனுக்குக் காய்ச்சல். அம்மா அவனை மடியில போட்டுக்கிட்டு அங்கேயே இருந்துட்டா. அப்பா என்னை மட்டும் இழுத்துக்கிட்டு தெற்கே வந்தார். ஒரு வாரத்துல திரும்பிடலாம்னார்.”

தூரத்தில் தெரிந்த வேலியைப் பார்த்தார்.

“அந்த ஒரு வாரம் எழுபது வருஷத்தைத் தாண்டியாச்சு.”

அன்று அவர்கள் கணக்கில் ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் நாள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அன்றுதான் படைப்பார்கள். நம்மிடம் மகாளய அமாவாசை இல்லையா, அது போல.

“தம்பி உயிரோட இருந்தா?” என்றார் பிக்குணி.

“அதுதானே என்னைத் தூங்க விடமாட்டேங்குது! இருக்கறவனுக்குப் படைச்சா அது கொலை. செத்தவனுக்குப் படைக்காம நான் போய்ச் சேர்ந்தா, அவன் பட்டினி. என் பையனுக்கு அவன் முகம்கூடத் தெரியாது. எனக்கப்புறம் அவனுக்கு யாரும்மா இருக்கா?”

“சரி, படைச்சிடுங்க.”

மான்ஹோ இதை எதிர்பார்க்கவில்லை. நாலு வார்த்தை வாதாடுவார், தடுப்பார் என்றல்லவா நினைத்திருந்தார்! பிக்குணியோ தாமே மேஜையைத் துடைத்தார். சோறும் சூப்பும் சுடச்சுடக் கொண்டு வந்தார். பேரிக்காயை அடுக்கினார். கடைசியில் வெண்கல ஸ்பூனை எடுத்து நீட்டினார்.

அந்த ஊரில் ஸ்பூனைச் சோற்றில் செங்குத்தாக நட்டால், சாப்பிட வந்திருப்பவர் இறந்தவர் என்று அர்த்தம். உயிரோடிருக்கிறவர் தட்டில் தப்பித் தவறி யாராவது நட்டுவிட்டால் வீடே கத்தும்.

மான்ஹோ ஸ்பூனை வாங்கினார். சோற்றுக்கு மேலே கொண்டுபோனார்.

“ஒரு சந்தேகம், பெரியவரே. தம்பியும் அங்க இதே நாள்ல உங்களுக்குப் படைச்சிக்கிட்டு இருப்பாரோ?”

மான்ஹோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்கா? எனக்கு எதுக்கு? நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!”

“அது அவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாட்டி? காத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானே! சோத்துல ஸ்பூனை நட்டுக் கூடப்பிறந்தவனைச் சாகடிக்க அவனுக்கு எப்படி மனசு…”

தன் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார்.

பிக்குணி சூப்பின் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அப்பால் தனக்காக ஒருவன் காத்திருக்கலாம் என்பது இத்தனை வருஷத்தில் மான்ஹோவுக்கு ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை. ஸ்பூனைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்தபோது நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தார். பசி வேறு எடுத்தது.

“சாப்பிடுங்க, ஆறிடும்,” என்றார் பிக்குணி. “நாடு சேருமான்னு கேட்டீங்களே?”

“இருக்கட்டும்மா. அவசரமில்லை,” என்று பேரிக்காயைக் கடித்தார்.

அடிவாரத்தில் அவருடைய மகன் காருக்கு வெளியே நின்றிருந்தான். அவனுக்கே தலை நரைத்தாகிவிட்டது. அப்பா வரும் நடையைப் பார்த்து அசந்து போனான்.

“படையல் முடிஞ்சுதாப்பா?”

“போடலைடா. ஆள் உயிரோட இருக்கறப்போ எப்படிப் போடறது?”

“என்னப்பா சொல்றீங்க! சித்தப்பாகிட்டேயிருந்து சேதி வந்துதா? யாரு உயிரோட இருக்கா?”

“நான்டா,” என்றார் மான்ஹோ.